அடியில்லாக் குழிகள்: குடாநாட்டுக் கிணறும் கொங்கிறீற்றும்

மலசலகூடத்தைக் குறிக்க யாழ்ப்பாணத்தில் நாம் நெடுங்காலம் வழங்கிவந்த 'கக்கூசு' என்னும் சொல் தமிழ்ச் சொல்லன்று. 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் எமது பேச்சில் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. சொல் வந்த வேகத்தில் பொருள் வந்து சேரவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல காலம் சென்ற பின்னரும் ஊர்ப்புறத்து மக்களுக்குப் பனங்கூடலும் வடலிப் பற்றையும் கடற்கரையுமே அதற்கான இடங்களாக இருந்தன. பெண்கள் இருள் கவியும்வரை காத்திருந்தனர் என்பதை நீக்கிப் பார்த்தால், வளவு பெரிதாகவும் குடித்தொகை சிறிதாகவும் இருந்த காலத்துக்கு அம்முறை ஓரளவு பொருந்தியே இருந்தது எனலாம். வெயில் தன் வேலையைச் செய்தது. மண் தன் வேலையைச் செய்தது. கிணற்றுக்கு ஆபத்து வந்தது பின்னர்தான். நாம் நாகரிகம் அடைந்து வீட்டுக்குப் பின்னே குழி தோண்டத் தொடங்கியபோதே அது வந்தது.

ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நீர் சார்ந்த உறுப்புகள் மூன்று. ஒன்று கிணறு, மற்றொன்று தண்ணீர்த் தாங்கி, மூன்றாவது மலக்குழி. முதலாவதைப் பற்றிப் பெருமை பேசுவோம். இரண்டாவதை வீதியால் போவோர் காணும்படி உயர்த்திக் கட்டுவோம். மூன்றாவதை மூடிய பின் மறந்துவிடுவோம். அம்மூன்றாவதன் அடியில் கொங்கிறீற்று இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியையே இங்கு வரலாற்று வழியில் நோக்க விரும்புகிறோம். நாம் பொறியியல் படித்தவர்கள் அல்லோம். மேசன்மாரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் கேட்டறிந்ததும், நூல்களில் வாசித்தறிந்ததுமே எமது முதல்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆறு என்று பெயர் பெற்ற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்தில் கடனீரேரியில் கலந்துவிடும். எமக்குக் கிடைப்பதெல்லாம் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் பருவமழையே. அம்மழை மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையிற் சேமிக்கப்படுகிறது. அப்பாறை ஒரே கட்டியானதன்று. வெடிப்பும் பொந்தும் குகையும் நிறைந்தது. பாறைக்குள் நன்னீர், பாரம் கூடிய கடல்நீரின்மீது ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்னும் ஐதிகம் ஒருபுறம் இருக்க, பாறையின் மேற்கூரை இடிந்து விழுந்ததால் வெளிப்பட்ட குகையே அது என்பது புவியியலாளர் கூற்று. கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊற்றெடுத்துக் கடலோரத்தில் வெளிப்படுவதும் இப்பாறையின் உள்வழிகளால்தான்.

ஆகவே எமது காலடியில் இருப்பதே இயற்கை கட்டிய நீர்த்தாங்கி. அதற்குச் சுவர் இல்லை, அறைகள் இல்லை. ஒருவர் வளவிலிருந்து மற்றவர் வளவுக்கு வேலி உண்டு. நிலத்தின் கீழே வேலி கிடையாது.

குழியும் கிணறும் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடம் இலண்டன் மாநகர். 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சோகோப் பகுதியில் உள்ள புறோட் வீதியைச் சுற்றி வாந்திபேதி கண்டு அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கிட்டு, அவ்வீதியில் இருந்த தண்ணீர்ப் பம்பியே காரணம் எனக் கண்டார். பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. பாடநூல்கள் கதையை இவ்விடத்தில் நிறுத்திவிடும். எமக்கு வேண்டியது அதற்குப் பின் நடந்ததே. 1855இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, பம்பியின் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் 40ஆம் இலக்க வீட்டின் மலக்குழி இருந்தது தெரியவந்தது. அதன் செங்கற் கட்டு உக்கி உதிர்ந்து கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்திருந்தது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணி அலசிய நீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டது. அத்தனை சாவுக்கும் வழிவிட்டது, உறுதியிழந்த ஒரு குழியின் சுவர். இன்று அவ்வீதியின் பெயர் புறோட்விக் வீதி. ஒக்ஸ்போட் சேர்க்கஸ் நிலையத்தில் இறங்கும் இலண்டன் வாசகர்கள் நடந்தே சென்று, அங்கு நினைவாக வைக்கப்பட்டுள்ள கைபிடியில்லாப் பம்பியைக் காணலாம்.

இதற்குப் பின்னரே குழியைத் தாங்கியாக்கும் முயற்சிகள் பலன் தந்தன. பிரான்சில் வெசூல் என்னும் ஊரைச் சேர்ந்த மூறா என்பவர் 1860 அளவில், நீர் கசியாதபடி மூடிக் கட்டிய ஒரு தொட்டியில் வீட்டுக் கழிவைச் செலுத்தினார். ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது உள்ளே எதிர்பார்த்த அளவு திண்மக் கழிவு இல்லை. பெரும்பகுதி நீராகவே இருந்தது. 1881இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்சிற்றர் நகரப் பொறியியலாளர் டொனால்ட் கமரன் 1895இல் இதையே மேலும் திருத்தி, 'செப்ரிக் ராங்க்' என்ற பெயரை வழங்கினார். எமது பாடநூல்கள் அதனை 'அழுகற்றாங்கி' என மொழிபெயர்த்தன. காதுக்கு இனிய சொல்லன்று. ஆயினும் 'ராங்க்' என்னும் ஒலிக்குத் 'தாங்கி' என்னும் தமிழ் வினையடிச் சொல் வாய்த்தது நல்லூழே. தாங்குவதற்கு அடி வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அத்தாங்கியின் தொழில் எளிது. கழிவு ஏறத்தாழ ஒரு நாளாவது அசையாமல் உள்ளே நிற்க வேண்டும். பாரமானவை அடியில் சேறாகத் தங்கும். கொழுப்பும் இலேசானவையும் மேலே ஆடையாக மிதக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றை அழுகவைத்துக் குறைக்கும். நடுவில் தெளிந்து நிற்கும் நீர் மாத்திரம் அடுத்த அறைக்குச் சென்று வெளியேறும். இவ்வளவும் நடப்பதற்கு முதல் நிபந்தனை நீர் உள்ளே நிற்பது. அடியில் கொங்கிறீற்று இல்லாத குழியில் நீர் நிற்காது. அது தாங்கியன்று, வடிகட்டி, அதுவும் துவாரம் பெருத்த வடிகட்டி.

கொங்கிறீற்றின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. இலீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசெப் அஸ்ப்டின், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூளுக்குப் 'போட்லண்ட் சீமெந்து' எனப் பெயரிட்டு 1824இல் காப்புரிமை பெற்றார். சீமெந்துக்குள் இரும்புக் கம்பி வைக்கும் முறைக்கு 1867இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற ஜோசெப் மொனியே கட்டடக் கலைஞரல்லர், தோட்டக்காரர். செடி வைக்கும் தொட்டிகள் உடையாதிருக்க அவர் கண்ட வழி அது. அடுத்த சில ஆண்டுகளில் அதே முறையில் பெரிய நீர்த்தாங்கிகளையும் கட்டினார். ஆக, கம்பி பொதிந்த கொங்கிறீற்று மாளிகைக்கும் பாலத்துக்கும் புகழ்பெறுமுன் தொட்டிக்கும் தாங்கிக்கும் பயன்பட்டது.

எமது மண்ணில் சீமெந்து வருமுன் சுண்ணாம்புச் சாந்துதான். பனங்கட்டித் தண்ணீர் சேர்த்துக் குழைத்த அச்சாந்தால் கட்டிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சேர்ந்தால் சீமெந்து என்ற கணக்கில், கல் காங்கேசன்துறையில் இருந்தது. களி மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தன் பணியைத் தொடங்கியது. பலருக்கு அது வேலை தந்தது. வடக்கு முழுவதிலும் கல்வீடு பெருகியது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எமது இயற்கைத் தாங்கியாகிய அதே பாறையைத்தான் நாம் அகழ்ந்து சீமெந்தாக்கினோம். கல் எடுத்த பெரும் பள்ளங்கள் கடலோரத்தில் இன்றும் கிடக்கின்றன.

இத்தனை சீமெந்து கிடைத்த காலத்தில் மலக்குழிக்கு அடி போட்டோமா? பெரும்பாலும் இல்லை. காரணம் மூன்று என்று எண்ணுகிறோம். மூன்றும் ஒரே எடையுடையன அல்ல.

நகரத்தில் முதலில் இருந்தது வாளிக் கக்கூசு. வீட்டின் பின்புற ஒழுங்கையில் ஒரு சிறு கதவு. அதன் வழியாக வாளி வெளியே செல்லும். அதைச் சுமந்தவர்கள் பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் வழிவந்தோருமாவர். ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் கழிவு முடிந்தது என்ற மனப்பான்மை அக்காலத்தில் வேரூன்றியது. வாளி ஒழிந்து குழி வந்தபோதும் அம்மனப்பான்மை ஒழியவில்லை. சுமக்கும் வேலையைத் தலையிலிருந்து நிலத்துக்கு மாற்றினோம், அவ்வளவே. கிணறு எமது சமூகத்தில் எத்தகைய பொருள் என்பதை வாசகர்கள் அறிவர். இன்னார் அள்ளலாம், இன்னார் அள்ளக்கூடாது, அள்ளினால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்காவல் வைத்திருந்தோம். கிணற்றைத் தீண்டக்கூடாதவர் யார் என்று அத்தனை நுணுக்கமாகக் கணக்கு வைத்திருந்த சமூகம், கிணற்றை நிலத்தின் கீழாகத் தீண்டியது எது என்று கணக்கு வைக்கவில்லை. மூன்று காரணங்களுள் இதுவே தலையாயது என்பது எமது துணிபு.

இரண்டாவது பாறை தந்த ஏமாற்றம். வலிகாமத்தில் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே அலவாங்கு பாறையில் இடிக்கும். வீட்டு அத்திவாரத்துக்கு அது வரப்பிரசாதம். குழி வெட்டுவோருக்கும் அப்படியே தோன்றியது: அடியில் பாறை இருக்க, அதன் மேல் சீமெந்தைக் கொட்டுவானேன்? கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அப்பாறையில் இருந்தன. குழி நிரம்பாமல் ஆண்டுக்கணக்காக இருந்தால் வீட்டுக்காரர் மகிழ்ந்தார். 'நல்ல குழி' என்று அதற்குப் பெயர். நிரம்பாத குழியின் கழிவு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

மூன்றாவது சீதனம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கூறிவந்த அளவு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் ஒரு பரப்பு 2,722 சதுர அடி. பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து வந்த இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருப்பின் ஒரு பக்கம் 74 அடிக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் வீடு, கிணறு, குழி. நாற்புறமும் அயலாரின் கிணறுகள். தன் கிணற்றிலிருந்து ஐம்பதடி விலகினால் அடுத்தவர் கிணற்றை நெருங்கியே ஆகவேண்டும். அன்றியும் ஐம்பதடி என்னும் அளவு மண்ணுக்கு ஏற்றது. மண் மெல்ல வடித்துச் சுத்திகரிக்கும். வெடித்த சுண்ணாம்புப் பாறையில் அழுக்கு நீர் ஓடும் வேகத்துக்கு அடிக்கணக்கு ஒரு தடையன்று.

துலாவும் வாளியும் இருந்தவரை தீங்கு மெதுவாகவே வளர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரமும், அதன் பின் மின்மோட்டாரும் வீட்டுக்கு வந்தன. மேலே தாங்கி ஏறியது. கைவாளியால் ஊற்றிய இடத்தில் குழாயைத் திருகினால் நீர் பாய்ந்தது. கிணற்றிலிருந்து எடுப்பதும் பெருகியது. குழிக்குள் தள்ளுவதும் பெருகியது. 1980களில் நடந்த ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதைக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கொட்டிய இரசாயனப் பசளைக்கு இதில் பெரும் பங்குண்டு. பழி முழுவதையும் குழியின்மேல் போடுவது நேர்மையன்று. ஆனால் கிணற்றில் மலக்கிருமி காணப்பட்டால் பசளையைக் குற்றஞ்சொல்ல இயலாது. நெருப்புக் காய்ச்சல் யாழ் மாவட்டத்தை விட்டு நீங்காதிருந்ததும் அதனாலேயே.

அதன்பின் யுத்தம். 1990இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குச் செல்லக்கூடாத பொருட்களின் பட்டியலில் அரசு சீமெந்தையும் சேர்த்தது. சீமெந்து விளைந்த மண்ணில் ஒரு பை சீமெந்துக்கு வழியில்லை. அரண் கட்டுவதற்கு உதவும் என்பது அரசு சொன்ன காரணம். அரண்களைப் பனங்குற்றியாலும் மண்மூட்டையாலும் கட்டினார்கள். கட்ட முடியாமற் போனவை கிணற்றுக்கட்டும் மலக்குழியுமே. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது, தென்மராட்சியின் பாடசாலைகளும் கோயில்களும் நிறைந்து, கிணறு கண்ட இடத்தின் பக்கத்திலேயே அவசரக் குழிகள் தோண்டப்பட்டன. 2009இல் செட்டிகுளத்து மனிக்பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்து ஒருநாள் மழையிலேயே குழிகள் பொங்கிக் கூடாரங்களுக்குள் புகுந்தன.

அதே ஆண்டின் தொடக்கத்தில் இராணுவம் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது, நகரின் பெரிய கொங்கிறீற்று நீர்த்தாங்கி தூண்கள் முறிந்து பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. பின்வாங்கிய புலிகளே வெடிவைத்துச் சாய்த்தனர் என அரசு கூறியது. பின்னர் அங்கே அறிவிப்புப் பலகை நாட்டி, தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பயணிகளுக்கு அதைக் காட்சிப்பொருளாக்கினர். விழுந்த தாங்கியைப் படம்பிடித்தவர்கள் பல்லாயிரம். நிலத்தின் கீழ் உடைந்திருப்பது படத்தில் விழாது.

இப்போது வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இப்பத்திரிகையின் வாசகர்களுள் பலர் அப்பணத்தை அனுப்புபவர்கள். அறைக்கு ஒரு குளியலறை, மாபிள் தரை, மேலே கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி. 1,000 லீற்றர் தாங்கியில் நீரின் எடை மட்டும் ஒரு தொன் என்பதை மேசன் அறிவார். ஆதலால் தூணுக்கும் அடிக்கும் கம்பி கட்டிக் கவனமாகவே கொங்கிறீற்று இடுவார். விழுந்தால் எல்லோரும் காண்பர். பின்வளவில் தாழும் குழிக்கு அதே மேசன் சுவரை மட்டும் கட்டி, அடியைத் திறந்து விட்டு, மேலே பிளேற் போட்டு மூடுவார். அவரை நோவதில் பயனில்லை. மதிப்பீட்டில் மாபிளுக்கு எழுதிய தொகையையும் குழிக்கு எழுதிய தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தெரியும்.

அடி போடுவது பெரிய வித்தையன்று. குழியின் தரையை மட்டப்படுத்தி, பொந்தும் வெடிப்பும் தெரிந்தால் அடைத்து, மெல்லிய வெறுங் கொங்கிறீற்றுப் படை ஒன்று முதலில் இடவேண்டும். அதன்மேல் கம்பிவலை, கம்பி தரையில் படாதபடி சிறு சீமெந்துக் கட்டைகள். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நான்கு சல்லி என்ற கலவையில் ஆறங்குலக் கனம். கடற்கரை மணல் ஆகாது. அதன் உப்பு கம்பியைத் தின்னும். இட்ட கொங்கிறீற்றை ஒரு வாரமாவது ஈரமாக வைத்திருக்கவேண்டும். கசிவு பெரும்பாலும் வருவது அடியும் சுவரும் சந்திக்கும் மூலையில். ஆகவே அடியிலிருந்து கம்பியைச் சுவருக்குள் மேலே எழுப்பிவிடுவார்கள். அடியைச் சுவருக்கு வெளியேயும் சிறிது நீட்டுவது நல்லது. மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது வெறுந்தாங்கி தோணியைப்போல் மிதக்கப் பார்க்கும். அமிழ்ந்த ஒவ்வொரு கனஅடிக்கும் நீர் 62 இறாத்தல் வலுவுடன் மேலே உந்தும். நீட்டிய விளிம்பின்மேல் அமரும் மண் அதை அழுத்திப் பிடிக்கும். இவ்வளவு செய்தாலும் தாங்கியிலிருந்து வெளியேறும் நீர் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. அதை மீண்டும் ஓர் அடியில்லாக் குழிக்குள் விட்டால் போட்ட அடி வீண். ஆழமின்றி, மண்ணும் மணலும் பரப்பிய பாத்திக்குள் விட்டு, வாழையோ கல்வாழையோ வைப்பது குடாநாட்டுக்குப் பொருத்தம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை அகற்றவும் வேண்டும். குழி நிரம்பவில்லையே என்று மகிழ்ந்த காலம் போய், தாங்கி நிரம்பினால்தான் அது தாங்கி என்று கொள்ளவேண்டும்.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பினால் தடைப்பட்டதும், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டதும் அண்மைய வரலாறு. குழாய்நீர் வருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் வீட்டுக்கு வரும் நீர் அவ்வீட்டிலிருந்து வெளியேயும் போகவேண்டும். யாழ் நகருக்கு வீடுவீடாகக் கழிவைக் கொண்டுசெல்லும் நிலக்கீழ்க் குழாய்த் தொகுதி இல்லை. கடலிலிருந்து பெருஞ்செலவில் எடுத்த நன்னீர், மலக்குழி வழியாக அதே பாறைக்குள் போய்ச் சேரும்.

ஊரில் வீடு கட்டுவிக்கும் வாசகர்கள் மேசனிடம் ஒன்றைக் கேட்கலாம். மேலே பிளேற் போட்டு மூடுமுன் தாங்கியை விளிம்புவரை நீரால் நிரப்பி, சுவர் நீரை உறிஞ்சிக்கொள்ள ஒருநாள் விட்டு, மீண்டும் நிரப்பி மட்டத்தில் கோடு கீறி, மறுநாள் அதே நேரத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.